வீட்டில் இரண்டு சறுக்கல்

அன்பு மகளுக்கு,

இங்கு அப்பாவின் வலது மணிக்கட்டைத் தவிர அனைவரும் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா என்று எழுது. அப்பா சொல்லச் சொல்ல எழுதுவது உன் அண்ணன். அவர் கையில் மாவுக்கட்டு. அவர் சொல்வதையெல்லாம் எழுதத் தாள் போதாது, லிஃப்ட் பழுதுபார்க்கிற எனக்குப் பொறுமையும் போதாது. ஆகவே வேண்டாததை வெட்டி, என் அபிப்பிராயத்தையும் சேர்த்திருக்கிறேன்.

பந்தயத்தின் கடைசி வளைவில் நீ விழுந்த செய்தி பெரியப்பா வரை போக, அவர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து உட்கார்ந்தார். "பொண்ணு சறுக்கிட்டாளாமே" என்றார். அப்பா பெருமையாக, "அவ சின்ன வயசுலேர்ந்தே சறுக்குறாண்ணே" என்றார். பெரியப்பா அம்மாவைப் பரிதாபமாகப் பார்த்து, "அப்பவே கண்டிச்சிருக்கலாமே" என்றார். தப்பு அந்தச் சொல்லின் மேல். வெயில் காலத்தில் நீ ஓட்டும் சைக்கிள் எல்லோருக்கும் புரிகிறது. குளிர்காலத்தில் பிளேடு வைத்த ஷூ மாட்டிப் பனித்தளத்தில் நீ விரைவதற்கு நம்மிடம் இருப்பதோ தோற்றுப்போனவனைப் பற்றிச் சொல்கிற சொல். அதனால்தான் அப்பா இத்தனை வருடமாக "சைக்கிள் வீராங்கனை" என்றே ஒப்பேற்றி வந்தார். அன்று ரோஷம் வந்துவிட்டது. பரணிலிருந்து உன் பழைய சக்கர ஷூவை இறக்கி, விரல்களை மடக்கி நுழைத்துக்கொண்டு, "இதாண்ணே சறுக்குறது, பாருங்க" என்று கூடத்தில் கிளம்பினார். "பிரேக் எங்கடா இருக்கு" என்று அவர் கேட்டது சமையலறை வாசலில். நான் பதில் சொல்லும்போது அவர் ஃப்ரிட்ஜ் பக்கத்தில் படுத்திருந்தார். பெரியப்பாவுக்கு உன் விளையாட்டு இப்போது நன்றாக விளங்கிவிட்டது. போகிற வீடெல்லாம் விளக்குகிறார்.

சரி, உன் விஷயம். சைக்கிளோடு நின்றுகொள்கிறேன், சறுக்குவதை விட்டுவிடுவதாக இந்த வாரம் பயிற்சியாளரிடம் சொல்லிவிடப் போகிறேன், என்னால் உங்களுக்குத் தலைகுனிவு வேண்டாம் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு விளையாட்டிலும் தலையைக் குனிந்துகொண்டுதானே போகிறாய், இப்போது மட்டும் என்ன. நீ விழுந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். காலில் ஒரு குறையும் இல்லை, சைக்கிள் மிதித்து ஏறிய தொடை அது. பின்னால் வருகிறவளைத் திரும்பிப் பார்த்தாய், உடம்பு நிமிர்ந்தது, பிளேடு பிடி விட்டது. இது திருத்த வேண்டிய பிழை, அவ்வளவுதான். இதற்காக இயந்திரத்தையே காயலான் கடைக்குப் போடுவார்களா. என் ஆட்சேபம் வேறு: உன் பந்தய சைக்கிளிலும் பிரேக் கிடையாது, ஷூவிலும் கிடையாது. என் வேலையில் அப்படி ஒன்றை ஓட விட்டால் ஜெயில்.

தொடை பெருத்துவிட்டதென்று பட்டினி கிடக்காதே, பேன்ட் பிடித்தால் வேறு பேன்ட் வாங்கு என்கிறாள் அம்மா. பனித்தளத்தில் விழுந்ததே ஐஸ் வைத்த மாதிரிதான் என்று சமாளிக்காமல் முழங்காலுக்கு ஒழுங்காக ஒத்தடம் கொடு.

இனி அப்பா சொன்னதை வெட்டாமல் எழுதுகிறேன். "கட்டப் பிரிச்சதும் நானே இன்னொரு தரம் சறுக்கிப் பாக்கப்போறேன், அவ எதுக்கு விடணும். நல்லா சறுக்கட்டும்னு எழுதுடா." எழுதிவிட்டேன், அதுவே ஆசீர்வாதம். மறக்காதே, ஷூவை நான் ஒளித்துவைத்திருக்கிறேன். அவர் ஃபோனில் கேட்டால் உனக்கு ஒன்றும் தெரியாது.

கையெழுத்தையும் நானே போடுகிறேன் என்றேன், விடவில்லை. கீழே கோணலாக இருப்பது அவர் இடது கையால் போட்டது. நீ தளத்தைச் சுற்றிச் சுற்றிப் பந்தயம் பூராவும் இடது பக்கமாகவே திரும்புகிறவள், உனக்குப் புரியும் என்கிறார்.

இப்படிக்கு,
சறுக்குகிறவளின் அப்பா