ஏற்றத்தில் இருமுகிற சிவப்புக் கார்

செவ்வாய்

காலையில் தூறல். பிறகு நல்ல வெயில்.

முதலில் வெட்கக்கேட்டை எழுதிவிடுகிறேன். என் கராஜுக்குள், எஞ்சின் நிறுத்திக் கிடக்கிற காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாயாலேயே டர்போ சத்தம் போட்டுக்கொண்டிருந்தேன். ஊஊஊ... பிஸ்ஸ். கியர் மாற்றுகிற சத்தம் உட்பட. நிமிர்ந்தால் கண்ணாடிப் பக்கம் தபால்காரர். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

"பாஸ், ஒரு கையெழுத்து. ஓரமா நிப்பாட்டிட்டுப் போடுங்க" என்றார்.

எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

கார் தர்மாவுடையது. தர்மா என் மனைவி கமலாவின் அண்ணன். இரண்டு கதவு, ஜப்பான் கார், சிவப்பு. விளக்கு இரண்டும் தவளைக் கண் மாதிரி பொனட்டுக்குள்ளிருந்து எழும்பும். ஒரு காலத்தில் இதன் டர்போ விசில் கேட்டாலே பலாபத்வல சந்தியில் பஸ் மிதிபலகையில் தொங்குகிறவன்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பான்கள். ஓட்டுகிறது தர்மா, பக்கத்தில் நான். மைனர் மாதிரி முழங்கை வெளியே.

இப்போது ஏற்றத்தில் இருமுகிறது. சமதரையில் தங்கம். ஏறும்போது காலை அழுத்தி, டர்போ காற்றைத் திணிக்க ஆரம்பித்ததும் டப் டப் டப்.

"நேத்து ஒரு த்ரீவீல் முந்திப் போச்சு மச்சான்" என்றான் தர்மா. "பின் சீட்டுல ஆடு இருந்துச்சு. ஆடு திரும்பிப் பாத்துச்சு."

"ஆட்டுக்கு ஹோர்ன் அடிச்சியா?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. ஞாயிறு கொழும்பிலிருந்து லொறி வருகிறதாம். எஞ்சினைக் கழற்றி எடுத்துக்கொண்டு உடம்பைப் பழைய இரும்புக்குப் போடுகிற ஆள்.

"அதுக்குள்ள ஏத்தம் ஏறினா வச்சுக்கிறேன். இல்லாட்டி கொண்டு போகட்டும். இதைப் பாத்துக்கிட்டு இருக்க என்னால ஏலாது."

பிளக் நாலையும் கழற்றினேன். மூன்று பிளக் நல்ல நிறம். மூன்றாம் நம்பர் மட்டும் கறுத்து, நனைந்து. நாலும் புதிது போட்டேன், இடைவெளி குறைத்து. உள்ளே காற்று நெருக்கினால் பொறி தாண்டுவது கஷ்டம், நிரம்பின பஸ்ஸில் கண்டக்டர் பின்னுக்குப் போகிற மாதிரி. யட்டவத்த ஏற்றம் வரை போய்ப் பார்த்தோம்.

டப் டப்.

புதன்

மழை. முதுகு வலி.

கமலாவின் சவர்க்காரத்தைக் கேட்காமல் எடுத்துக் கரைத்தேன். டர்போ குழாய்களில் பூசினால் காற்று ஒழுகுகிற இடத்தில் நுரை வரும். ஒரு இடத்தில் வந்தது. இறுக்கினேன். விசில் திரும்பி வந்துவிட்டது, அப்படியே பழைய விசில்.

லக்கல பாதை ஞாபகம். வளைவு திரும்பினால் நடு ரோட்டில் யானை. தர்மா ஒரு வெட்டு வெட்டினான், கார் வயலுக்குள். இடுப்பு வரை சேறு. இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் யானை பயந்து போய்விட்டது. வயல்காரர் திட்டவும் இல்லை, பிளேன்டீ கொடுத்தார், கருப்பட்டியோடு. அப்போது மூத்தவள் கமலாவின் வயிற்றில். வீட்டுக்கு வந்து நடித்தே காட்டினேன், யானை மாதிரியும் தர்மா மாதிரியும். கமலா சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. எத்தனையோ நாள் பேசாமல் இருந்தாள்.

காரில் அன்று பாடின கசெட் இன்னும் உள்ளேயே சிக்கிக் கிடக்கிறது.

ஏற்றம்: டப் டப். ராத்திரிச் சாப்பாட்டில் சவர்க்காரம் பற்றி விசாரணை.

வியாழன்

வெயில். பெற்றோல் ஃபில்டர் மாற்றினேன். பிரயோசனம் இல்லை.

பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கிற மூன்றாம் நம்பர் கொயிலை முதலாம் நம்பருக்கு மாற்றிப் போட்டு ஓட்டினோம். கொயில் கெட்டது என்றால் இப்போது முதல் பிளக் கறுக்க வேண்டும். கழற்றினால் திரும்பவும் மூன்றுதான் கறுப்பு. ஆக கொயில் நல்லது. அதற்குப் போகிற வயரில் ஏதோ. ஆனால் சமதரையில் ஒழுங்காக வேலை செய்கிற வயர் ஏற்றத்தில் மட்டும் ஏன் கோபிக்கிறது?

"ஒனக்கும் ஏத்தம்னா மூச்சு வாங்குதுதானே" என்றான் தர்மா. பதில் சொல்ல மூச்சு இல்லை.

வெள்ளி

பிடித்துவிட்டேன்!

பொனட்டைத் திறந்து வைத்து, தர்மாவைப் பிரேக்கை மிதித்தபடி கிளச்சைக் கொஞ்சம் விடச் சொன்னேன். கார் நகராது, ஆனால் எஞ்சின் ரப்பர் மேல் ஒரு பக்கம் சாயும். ஏற்றத்தில் இழுக்கும்போது சாய்கிற மாதிரியே. சாய்ந்தது, டப். திரும்பச் சாய்ந்தது, டப். மூன்றாம் வயர் மட்டும் நாய்ச் சங்கிலி மாதிரி விறைக்கிறது. கையைப் பின்னால் விட்டுத் தடவினேன். துணி. வயரைக் கார் உடம்பிலிருக்கிற இரும்பு ஓட்டையோடு சேர்த்து யாரோ முடிச்சுப் போட்டுக் கட்டியிருக்கிறார்கள். எஞ்சின் சாயும்போதெல்லாம் இழுபட்டு, உள்ளே கம்பி இழை இழையாக அறுந்து, இப்போது இரண்டு மூன்று இழைதான் மிச்சம்.

முடிச்சுக்குள் ஒரு ரூபாய் நாணயக் குற்றி. துணி எண்ணெயில் கறுத்திருந்தாலும் ஓரத்தில் மஞ்சள்.

வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டினேன். கமலா தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.

"அதை ஏன் அவிழ்த்தீங்க?"

"நீயா கட்டினது?"

"வயல்ல விழுந்து வந்தீங்களே, அதுக்கு மறுநாள். நீங்க ரெண்டு பேரும் வயசாகிற வரைக்கும் மெதுவா போய் மெதுவா வரணும்னு அம்மனுக்கு நேந்துகிட்டுக் கட்டினேன்."

"கோயில் மரத்துல கட்டக்கூடாதா?"

"மரமா வேகமா ஓடுது?"

கார் கிழவனாகிவிட்டது, நாங்களும் கிழவன்களாகிவிட்டோம் என்று நானும் தர்மாவும் எத்தனை தடவை வருத்தப்பட்டுப் பேசியிருக்கிறோம். நன்றாகச் சிரித்தேன். அவள் குற்றியைக் கழுவித் துடைத்து சாமி படத்துக்கு முன்னால் வைத்ததைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அந்த நாட்களில் அவள் பேசாமல் இருந்தது கோபம் என்று நினைத்திருந்தேன்.

நேர்த்திக்கடனைத் தீர்க்காமல் கார் வேகமாக ஓடக் கூடாதாம். நாளைக்குக் குற்றியை உண்டியலில் போட்டு, காருக்குத் தேங்காய் உடைக்க வேண்டும். அவளும் வருகிறாளாம், அதே காரில். இத்தனை வருசத்தில் ஒரு நாளும் ஏறாதவள்.

சனி

பனி, பிறகு வெயில். புது வயர் போட்டேன். கையில் எண்ணெய், கழுவ நேரமில்லை, கமலா அவசரப்படுத்தினாள்.

கோயிலுக்கு முதலில், ஏற்றத்துக்குப் பிறகு என்றாள். கோயிலே ஏற்றத்துக்கு மேலேதான் என்று தர்மா ஞாபகப்படுத்தினான். "அப்ப அம்மன் பாத்துக்குவா" என்றாள்.

அவள் முன் சீட். நான் பின்னால், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில். அந்த ஆட்டை நினைத்துக்கொண்டேன். ஏற்றம் வந்தது. தர்மா காலை அழுத்தினான். ஊஊஊ. ஒரு டப் இல்லை. முதுகை சீட்டோடு ஒட்டிவிட்டது. கமலா ஒரு கையால் கதவையும் மற்றக் கையால் தாலியையும் பிடித்துக்கொண்டிருந்தாள். உச்சியில் கார் நின்றது.

"பயந்துட்டியா தங்கச்சி?"

"திருப்புங்க அண்ணே" என்றாள். "கீழ இருந்து இன்னொரு தரம்."

தர்மா வண்டியை விட்டு இறங்கிக் கண்ணைத் துடைத்தான். தூசி என்றான். பிறகு ஃபோனை எடுத்துக் கொழும்புக்காரனிடம் லொறி வேண்டாம் என்று சொன்னான்.

இன்னொரு தரம் ஏறினோம். பிறகு கோயில். குற்றி உண்டியலுக்குள் விழுந்த சத்தம் கேட்டது. தர்மா அர்ச்சனைக்கு உள்ளே நின்றான். நானும் கமலாவும் தேங்காயோடு காருக்கு முன்னால். சாமி காரியத்துக்கு விளக்கு எரிய வேண்டும் என்று கமலா சொன்னதால் இரண்டு விளக்கையும் எழுப்பி வைத்தேன். தேங்காயைக் காருக்கு மூன்று சுற்று சுற்றினேன். ஓங்கினேன். கையில் எண்ணெய், வழுக்கிவிட்டது.

தேங்காய் உடையவில்லை. இடது விளக்கு இனி எழும்பாது. தர்மா அப்போதும் உள்ளே கும்பிட்டுக்கொண்டிருந்தான்.