பால் பட்டால் வளரும்

மதுரை,
சனிக்கிழமை

அன்புள்ள சுகிர்தாவுக்கு,

பிள்ளை நன்றாக இருக்கிறாள். அதை முதலில் எழுதினால்தான் மீதியை நீ படிப்பாய். போன் செய்தால் அத்தைதான் எடுக்கிறார்கள், நீ தூங்குவதாகச் சொல்கிறார்கள். அதனால் என் தங்கை பிரீத்தியிடம் இதைக் கொடுத்து, விருதுநகரில் உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

காய்ச்சல் விட்டதா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? திருத்தங்கலில் பிரஸ்ஸை அப்பா பார்த்துக்கொள்கிறார். தீபாவளி சீசன் என்பதால் பட்டாசு லேபிள் ஆர்டர் குவிந்து கிடக்கிறது. இருந்தாலும் என்னை ஆஸ்பத்திரியிலேயே இருக்கச் சொல்லிவிட்டார். அம்மா இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்திருக்கிறார்.

அன்று நீ பார்த்ததைப் பற்றி எழுத வேண்டும். பிள்ளைக்கு முறுக்கிக்கொண்ட குடலை வெட்டி எடுத்தபின், முதன்முதலாக உன் பாலைக் குழாய் வழியே கொடுத்தார்கள். பச்சையாக வாந்தி எடுத்தாள். நீ சுவரோடு சாய்ந்துவிட்டாய். "வயித்த அறுத்த பிள்ளைக்குப் பால ஊத்துறாகளே, தாங்குமா?" என்று அத்தை அழுதார்கள். அன்றைக்கு ஊருக்குப் போனவள்தான் நீ.

மறுநாள் நானும் டாக்டர் நாகஜோதியிடம் போய், பாலே வேண்டாம், ஊசி வழியாகவே சத்து ஏற்றுங்கள் என்றேன். அவர் என்னை உட்காரச் சொல்லி விளக்கினார். ஊசி வழியாகப் போகும் சத்து உடம்பை வளர்க்கும், குடலை வளர்க்காதாம். சும்மா கிடக்கும் குடல் மெலிந்துபோகுமாம். பால் உள்ளே போனால் குடலின் அடிப்பகுதி அதை அறிந்து, ஒருவகை ஹார்மோனை ரத்தத்தில் விடும். அது ரத்தத்தோடு சுற்றிவந்து, மிஞ்சிய குடல் முழுவதையும் வளரத் தூண்டும். குடலின் உட்புறம் பூந்துவாலை மாதிரி இழை இழையாக இருக்குமாம். அந்த இழைகள் உயர உயர, சத்தை உறிஞ்சும் இடம் கூடும். வெட்டிய குடலின் வேலையையும் இருக்கிற குடல் அப்படித்தான் எடுத்துக்கொள்ளும் என்றார். உறுதி மட்டும் தரவில்லை.

அப்படியானால் வாந்தி ஏன் என்று கேட்டேன்.

"குடல் இன்னும் முழிக்கலை, அம்புட்டுத்தான். பால் அதுக்குக் கெடுதல் பண்ணலை. அதை எழுப்புறதே பால்தான்" என்றார்.

கொஞ்ச நாள் பொறுத்து, தாய்ப்பால் வங்கியிலிருந்து வாங்கிச் சொட்டுச் சொட்டாகத் தொடங்கினார்கள். நடுவில் வயிறு உப்பியதால் ஒருமுறை நிறுத்தினார்கள். மறுபடி தொடங்கியபோது பால் தங்கியது. இப்போது எடை ஏறுகிறது, ஊசிச் சத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். நேற்று நர்ஸ் குருவம்மாள், மஞ்சளாக வெளிக்குப் போயிருந்த துணியை விரித்துக் காட்டி, "பாத்தீகளா, வேலை செய்யுது" என்றார். துணியை வாங்கிக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றேன்.

வங்கிப் பால் நல்லதுதான், பெற்றவள் பால் அதைவிட நல்லது என்கிறார் டாக்டர். நீ பீய்ச்சிக் கீழே ஊற்றிவிடுவதாக, முன்பு உன்னைப் பார்த்துவிட்டு வந்த பிரீத்தி சொன்னாள். குறை சொல்ல எழுதவில்லை. பால் கட்டினால் வலிக்கும், வேறு என்ன செய்வாய். ஆனால் அவள் வாந்தி எடுத்தது உன்னால் இல்லை, சுகிர்தா. இதை அத்தைக்கும் படித்துக் காட்டு.

இன்று காலையில் அவள் வாயோரம் விரலை வைத்தேன். பிடித்து இழுத்துச் சப்பினாள். டாக்டரிடம் சொன்னேன். இனி நேராக மார்பில் போட்டுப் பார்க்கலாம் என்றார். குழாயைத் தூக்கிப் பிடிப்பது, துணி மாற்றுவது, தையலில் படாமல் தூக்குவது எல்லாம் நான் பழகிவிட்டேன். இது ஒன்று மட்டும் என்னால் ஆகாது.

பிரீத்தி காரோடுதான் வந்திருக்கிறாள். மாரியம்மன் துணையிருப்பாள், பிரீத்தியோடு புறப்பட்டு வா.

வாசலிலேயே நிற்பேன்,
ஹரிபிரசாத்