சிட்டுவின் கைப்பிடியைச் சீவிவிட வேண்டாம்

அனுப்புநர்
சிட்டுவின் அம்மா,
தையல் கூடத்தில் காஜா எடுப்பவள்.

பெறுநர்
தலைமை அதிகாரி அவர்கள்,
துப்பாக்கி சுடும் பயிற்சி மையம்.

பொருள்: இறந்துபோன என் மகளின் காற்றுக் கைத்துப்பாக்கியிலிருந்து மரக் கைப்பிடியை மட்டும் கழற்றித் தரக் கேட்டு.

மதிப்புக்குரிய ஐயா,

சிட்டு, உன்னைக் கூப்பிடாமல் எனக்கு எழுத்து ஓடாது. ஐயா பொறுத்துக்கொள்வார்.

சிட்டு என் மகள். பதினைந்து வயது. உங்கள் மையத்தில் எட்டு மாதம் சுடப் பழகினாள். ஏழு மாதத்துக்கு முன் மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். அவள் துப்பாக்கி உங்கள் பொருள் அறையில் இருக்கிறது. வருகிற முப்பதாம் தேதிக்குள் உரியவர் வாங்காவிட்டால், கைப்பிடியைச் சீவிச் சரிசெய்து, புதிதாகச் சேரும் பிள்ளைக்குக் கொடுப்பதாகப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள்.

நான்கு முறை வந்துவிட்டேன். பொருள் அறை எழுத்தர், "பதிவுல இருக்கிறவங்க நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்மா" என்றார். இறப்புச் சான்றிதழை நீட்டினேன். முன்னும் பின்னும் புரட்டிப் படித்துவிட்டு, "அவங்களே வந்தா ஒரு நிமிஷ வேலைம்மா" என்றார். அவள் வந்தால் எனக்குக் கைப்பிடி எதற்கு, ஐயா?

அவளுக்குத் துப்பாக்கி எடுத்த அன்று, சுடப் பழக்கும் மாஸ்டர் மூன்றைக் கொண்டுவந்தார். கண்ணை மூடிக் கையை நீட்டு, பிறகு கண்ணைத் திற, முன்குறியும் பின்குறியும் தானாக நேரில் நின்றால் அதுதான் உன்னுடையது என்றார். முதலாவதன் குழல்முனை கனத்தில் கவிழ்ந்தது. மூன்றாவது நின்றது. அதில் சின்ன அளவுக் கைப்பிடி. நான்தான் கெடுத்தேன். வளரும் பிள்ளை, ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். உள்ளே துணி விட்டுத் தைத்துப் பழகிய புத்தி. "இது சட்டை இல்லம்மா, அப்புறம் பிரிச்சு விடுறதுக்கு" என்றார் மாஸ்டர். சிட்டு சிரித்தாள்: "விடுங்க மாஸ்டர், அம்மா எனக்கு எதையுமே அளவா வாங்கினதில்ல."

அந்தப் பெரிய கைப்பிடி கைக்குள் ஆடி, குண்டெல்லாம் ஒரு பக்கமே போனது. மாஸ்டர் அதில் மரத்துக்குப் பூசும் பட்டி மாவைக் குழைத்து அப்பி, காயும்வரை இறுகப் பிடிக்கச் சொன்னார். அரைமணி நேரம் அசையாமல் உட்கார்ந்தாள். மூக்கு அரிக்கிறது என்றாள், நான்தான் சொறிந்துவிட்டேன். அந்தப் பட்டியில் அவள் உள்ளங்கையும் கட்டைவிரலும் மற்ற மூன்று விரலும் பதிந்திருக்கின்றன. சுட்டுவிரல் மட்டும் இல்லை. அது விசைமேல் இருந்தது.

வீட்டில் அவள் படம் இருக்கிறது, உடுப்பு இருக்கிறது. கை வேறெங்கும் இல்லை, ஐயா.

துப்பாக்கியை எந்தப் பிள்ளைக்கு வேண்டுமானாலும் கொடுங்கள், எனக்குச் சந்தோஷமே. அந்தப் பிள்ளையின் கைக்கு அளவான புதுக் கைப்பிடி போடுங்கள். என் மாதிரி அம்மா யாராவது குறுக்கே பேசினால் கேட்காதீர்கள். பழையதைக் கழற்ற ஒரே ஒரு ஸ்க்ரூதான், பார்த்திருக்கிறேன். முப்பதாம் தேதிக்கு முன் அதை என் கையில் கொடுக்க உத்தரவிடுங்கள். எங்கே காட்டினாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இடம்: உங்கள் அலுவலக வாசல் பெஞ்சு
தேதி: இந்த மாதம் பன்னிரண்டு

இப்படிக்கு,
சிட்டுவின் அம்மா

சிட்டு, அந்தப் பெரிய அளவுக்கு உன் கை வளர்ந்திருக்குமா?