முதல் வரிசையில் போட்ட தாளம்

அக்டோபர் 18, சனிக்கிழமை

மகள் மாலதியின் ராக் இசைக்குழு இன்று துறைமுகத்துப் பழைய கிடங்கில் பேய்ப்படங்களின் பின்னணி இசையை வாசித்தது. புரோகிரசிவ் ராக் என்று பெயராம். பின்னால் பெரிய திரையில் படக் காட்சிகளும் ஓடின. பேய்ப்படம் என்றாலே எனக்கு நடுக்கம். அவளோ எனக்கு முதல் வரிசையில் இடம் பிடித்து வைத்திருந்தாள். பாதியில் எழுந்து போனால் அவள் வாசிக்கும் கீபோர்டிலிருந்து நேராகத் தெரியும். அவள் முகம் வாடிவிடும்.

முதல் பாட்டிலேயே கல்லறைக் கதவு திறந்தது. கண்ணைத் தாழ்த்திக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தேன். ஏழு எண்ணிக்கை. கோயில் பஜனையில் ஜால்ரா போட்டுப் பழகிய மிஸ்ர சாப்பேதான்! அதைப் பிடித்துக்கொண்டதும் பயம் சற்றுத் தள்ளி நின்றது. திரையில் யாரோ அலறினார்கள். அரங்கமே துள்ளியது. நான் அடுத்த ஏழை எண்ணிக்கொண்டிருந்தேன். கடைசிவரை உட்கார்ந்துவிட்டேன்.

முடிந்ததும் மாலதி ஓடி வந்தாள்.

"அப்பா, நடுவுல எனக்குக் கணக்கு விட்டுப்போச்சு லா! உங்க கையப் பார்த்துத்தான் திரும்பப் பிடிச்சேன்."

"ஐயோ, நான் தப்பா போட்டிருந்தா?"

"அப்புறம் என்ன, எல்லாரும் சேர்ந்து கவுந்திருப்போம்! நாளைக்கும் அங்கிள் அதே இடத்துல உட்காரணும்னு எங்க டிரம்மர் சொல்றான்."

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். நினைத்தால் சிரிப்பு வருகிறது. ஆனால் மூன்றாவது பாட்டில் ஓரிடத்தில் எட்டாக எண்ணிவிட்டேனோ என்று ஒரு சந்தேகம்.

தாகமாக இருக்கிறது. சமையலறைக்குப் போகும் வழியில் கூடம் ஒரே இருட்டு. தண்ணீர் காலையில் குடித்துக்கொள்ளலாம்.