பெரியப்பா முதல் தடவை செத்தபோது

க்ளூனா,
மேயோ மாவட்டம்.
11 நவம்பர் 2019, திங்கள்

அன்புள்ள ஜார்லத் அண்ணாவுக்கு,

அட்ராக்டா எழுதுவது. சௌக்கியமா என்று கேட்கப் போவதில்லை. உன் மகள் ஃபேஸ்புக்கில் போடுகிற படங்களில் உன் தொப்பையைப் பார்த்தாலே தெரிகிறது. போனில் அப்பா பேச்சை எடுத்தால் உடனே உனக்கு லைன் சரியாகக் கேட்பதில்லை. கடிதத்துக்கு அந்தச் சாக்கு சொல்ல முடியாதல்லவா, அதனால்தான் பேனாவை எடுத்தேன். நாலு தரம் எழுதிக் கிழித்துப் போட்டுவிட்டேன். எதை முதலில் சொல்வது, எதை அப்புறம் சொல்வது என்றே விளங்கவில்லை. முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா ஆஸ்பத்திரிக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நுரையீரலில் நீர். தொண்ணூற்றோரு வயதில் இனி என்ன செய்வது என்கிறார்கள். கிறிஸ்துமஸ் வரை என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று டாக்டர் பெண் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டாள். தினமும் நான் போனதும், "அந்தப் பயகிட்டேருந்து ஏதாச்சும் தகவல் உண்டா?" என்பார். இல்லை என்றால், "வந்தா வரட்டும். ஆனா வந்ததும் முதல்ல மன்னிப்புக் கேக்கணும்" என்பார். நீயோ, "அவர் முதல்ல கேக்கட்டும், அடுத்த பிளேன்ல வர்றேன்" என்கிறாய். முப்பத்து நாலு வருஷமாக இதே பாட்டு. அம்மா போனபோது பனிப்புயல், விமானம் கிளம்பவில்லை என்றாய். நான் டிவியில் பார்த்தேன் அண்ணா, டொராண்டோவில் அன்றைக்கு நல்ல வெயில்.

இப்போது ஏன் இதெல்லாம் என்றால், போன வாரம் டோலனின் மகன் வந்திருந்தான். டிவி ரிப்பேர்க்காரர் டோலன்தான், உன் பழைய முதலாளி, செத்து ரொம்ப நாளாகிறது. அவர் வீட்டுப் பரணில் ஒரு செருப்புப் பெட்டி நிறைய கேசட் கிடந்ததாம். எல்லாம் நம் ரேடியோ க்ளூனா. அவன் அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி என் போனுக்கு அனுப்பினான். "உங்க அண்ணன் குரல் இருக்கு அக்கா, கேட்டுப் பாருங்க, சிரிப்பா இருக்கும்" என்றான். கேட்டேன். சிரிக்க முடியவில்லை.

நாம் அதை முதன்முதலாகக் கேட்ட நாள் எனக்கு அப்படியே மனப்பாடம் என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது அதிலேயே சந்தேகமாக இருக்கிறது. 1982 கோடைக்காலம், அது நிச்சயம். ரேடியோ ஜன்னலில் இருந்ததா, அலமாரி மேல் இருந்ததா? நீ முள்ளைத் திருகிக்கொண்டிருந்தாய். அரசாங்க ரேடியோவில் எப்போதும்போல மாட்டு விலை, மாதா கோவில் மணி, டப்ளின்காரர் ஒருவர் இன்னொரு டப்ளின்காரருக்குச் சொல்லும் புத்திமதி. முள் ஒரு நூலளவு நகர்ந்ததும் ஒரே இரைச்சல். அப்புறம் ஒரு பாட்டு. பாட்டு முடிந்ததும் ஒரு ஆள், நம் ஊர் ஆள், நம்மைப் போலவே பேசுகிறான்: "க்ளூனா ரோட்டு நடுவுல ஒரு கழுதை நிக்குது. யார் கழுதையோ வந்து ஓட்டிட்டுப் போங்கப்பா, பால் வண்டி போக முடியாம நிக்குது." பின்னால் கோழி கொக்கரிக்கிற சத்தம். நம் ஊர்ப் பெயர் ரேடியோவில்! அம்மா கையில் பிசைந்த மாவோடு அப்படியே நின்றுவிட்டாள். "டேய், நம்ம கழுதையாடா அது?" என்றாள். நம் கழுதையேதான்.

லைசென்ஸ் இல்லாத திருட்டு ரேடியோ என்று பாதிரியார் திட்டியதும், டோலனின் கோழிக்கொட்டகையிலிருந்துதான் அது வருகிறது என்று ஊருக்கே தெரிந்ததும், போலீஸ்காரருக்கு மட்டும் தெரியாமல் இருந்ததும், அவர் மனைவியே வாராவாரம் பாட்டுக் கேட்டுச் சீட்டு அனுப்பியதும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ அங்கே போய்ச் சேர்ந்து 'ஜானி டயமண்ட்' ஆனாய். "டயமண்டாம் டயமண்டு. தன் காலுறைக்கு ஜோடி கண்டுபிடிக்கத் துப்பில்ல" என்று அம்மா சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அப்பாவோ, "சட்டத்துக்கு விரோதமானது, என் வீட்ல அது பாடக் கூடாது" என்பார். ஆனால் நீ பேசுகிற நேரத்தில் மட்டும் ஜன்னலுக்கு வெளியே வாளியை வைத்துக்கொண்டு நிற்பார். காலி வாளி. எவ்வளவு சந்தோஷமாக இருந்தோம் அண்ணா.

மதியம் ஒரு மணிக்கு மரண அறிவிப்பு. நம் பக்கத்தில் யார் போனார்கள் என்று டப்ளின் ரேடியோவா சொல்லும்? நீங்கள்தான் சொன்னீர்கள். அது முடியும் வரை ஒரு வீட்டிலும் கரண்டிச் சத்தம் கேட்காது. திருட்டு ரேடியோ தன் போன் நம்பரை ஊருக்குச் சொல்ல முடியாதே, அதனால் தகவல் எல்லாம் நான் வேலை பார்த்த ஹெஸ்லின் அம்மா கடைக்குத்தான் வரும். நான் போனில் கேட்டுத் தாளில் எழுதி வைப்பேன். பன்னிரண்டரைக்கு நீ சைக்கிளில் வந்து வாங்கிக்கொண்டு போவாய்.

இனி 1985 பிப்ரவரி. பேக்கி பெரியப்பாவும் அப்பாவும் பேசி அப்போது பதினாலு வருஷம். எல்லாம் ஒரு கேட் கதவால் வந்த வினை. தோட்டத்துக் கேட்டைத் திறந்து போட்டது யார், எருமை மாதிரி இருந்த அந்தக் கிடாரி யாரால் ரயிலில் அடிபட்டது என்று ஆரம்பித்தது. பெரியப்பா ஒன்றரை மைல் தூரத்தில், க்ளூனா மேட்டில் தனியாக இருந்தார். நம் வீட்டில் அவர் பெயரைச் சொன்னால் அப்பா சாப்பிட்ட தட்டை விட்டு எழுந்து போய்விடுவார்.

அந்த வியாழக்கிழமை கடையில் போன் மணி அடித்தது. ஒரு பெண் குரல், எங்கோ தூரத்திலிருந்து. "பேக்கி கில்மார்ட்டின் நேத்து சாயந்திரம் போயிட்டாரு. ரேடியோவுல சொல்லச் சொல்லும்மா" என்றாள், வைத்துவிட்டாள். அந்தப் பெயரில் இரண்டு பேர். ஒருவர் நம் பெரியப்பா. இன்னொருவர் டெர்ரிமோர் ஊர்க் கிழவர், தொண்ணூறு வயது. எந்த பேக்கி என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. அன்று காலைதான் ஹெஸ்லின் அம்மா, "உங்க பெரியப்பா மூணு நாளா புகையிலை வாங்க வரல, சளிக் காய்ச்சலாம்" என்று சொல்லியிருந்தாள். வீட்டுக்கு ஓடியிருக்க வேண்டும், ஹெஸ்லின் அம்மாவையாவது கூப்பிட்டிருக்க வேண்டும். இரண்டும் செய்யவில்லை. தாளில் எழுதினேன், மடித்தேன், நீ வந்ததும் கொடுத்தேன். நீ பிரித்துக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டு சைக்கிளை மிதித்தாய்.

ஒரு மணிக்கு நீ படித்தாய். அப்பா கரண்டியை வைத்தார். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஒன்றரை மைலும் நடந்தே போனார், ரோட்டில் எல்லோரும் பார்க்கப் பார்க்கக் குழந்தை மாதிரி அழுதுகொண்டே போனாராம். அங்கே அதற்குள் பாதி ஊர் வந்துவிட்டது. சாண்ட்விச் தட்டு, கேக், பக்கத்து வீட்டு நாற்காலிகள் எல்லாம் வாசலில். கதவைத் தட்டினால் பெரியப்பா பனியனோடு, வாயில் மென்றுகொண்டே திறக்கிறார். அவர் ரேடியோவில் பேட்டரி தீர்ந்து போயிருந்தது. ஊரிலேயே அவருக்கு மட்டும்தான் அவர் செத்தது தெரியாது. "யாருடா செத்தது?" என்றார். அப்பாவைப் பார்த்தார். "பதினாலு வருஷமா எட்டிப் பாக்காதவன், நான் செத்தாத்தான் வருவியோ?" என்றார்.

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அவ்வளவுதான். அந்தச் சிரிப்பு மட்டும் இல்லாதிருந்தால் அப்பா உள்ளே போயிருப்பாரோ என்னவோ. பெரியப்பா கதவை அகலமாகத் திறந்துதான் வைத்திருந்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அப்பா திரும்பி நடந்தார். வந்தவர்கள் சாண்ட்விச் வீணாகக் கூடாது என்று உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நிஜத்தில் செத்துப்போன டெர்ரிமோர் கிழவர் பாவம், விஷயம் ஊருக்குத் தெரியாமல் அவர் அடக்கத்துக்கு நாலே பேர்.

அப்பா உன்னை முற்றத்தில் வைத்து அடித்ததை நான் எழுத வேண்டாம். சமாதானம் பண்ணி வைக்க நீ போட்ட நாடகம் என்றே அவர் முடிவு கட்டிவிட்டார். "தாள்ல இருந்ததைத்தாம்பா படிச்சேன்" என்று நீ கத்தினாய். அப்பா என் பக்கம் திரும்பினார். "நீ என்ன எழுதின?" என்றார். "பேர் மட்டுந்தான் எழுதினேன்" என்றேன்.

நீ என்னைப் பார்த்தாய். அடுத்த மாதம் கனடாவுக்குப் போய்விட்டாய்.

பால் கொண்டுபோய் ஊற்றுகிற கூடத்தில் வருஷக்கணக்காக, "என்ன மார்ட்டி, இன்னிக்கு யார் சாவுக்குக் கோட்டு போட்டிருக்கே?" என்று அப்பாவைக் கிண்டல் பண்ணினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? 1997இல் பெரியப்பா நிஜமாகவே போனார். பாதிரியாரே வீட்டுக்கு வந்து சொன்னார். அப்பா, "அவன் சாவுக்கு ஒரு தடவ போய் வந்தாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு தடவ போதும்" என்றார். போகவில்லை. அடக்கம் நடந்த அன்று முழுக்க மழையில் நின்று, இடியாத ஒரு கல்சுவரைப் பிரித்துத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார். அதற்கும் உன்னைத்தான் குறை சொன்னார்.

இப்போது கேசட்டுக்கு வருகிறேன். உன் குரல் சந்தோஷமாக இரண்டு பேரின் சாவுச் செய்தியைப் படிக்கிறது. அதாவது, சாவைச் சந்தோஷமாகவா படிப்பார்கள், ஆனால் உனக்குப் பத்தொன்பது வயது. அப்புறம் இன்னொரு தாளைப் பிரிக்கிற சத்தம். நிறுத்திவிட்டாய். கோழிகள் மட்டும் கேட்கின்றன. "எனக்குக் கொடுத்த தாள்ல இருக்கிறபடியே படிக்கிறேன்" என்கிறாய், குரல் உடைகிறது. "பேக்கி கில்மார்ட்டின், க்ளூனா மேடு."

க்ளூனா மேடு. அதை எழுதியது நான்தான் அண்ணா. பெயர் மட்டும் எழுதினேன், ஊரை நீதான் சேர்த்தாய் என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி, சத்தியமாக அப்படித்தான் நடந்தது என்று நம்பியே விட்டேன். குழந்தைகளிடம் கதையாகக்கூட அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்?

ஏன் அப்படி எழுதினேன்? தெரியவில்லை. காய்ச்சல் என்றதும் அவர்தான் என்று நிஜமாகவே நினைத்தேனா? வீட்டில் அந்தப் பெயரைச் சொல்ல பயந்து, ரேடியோவே சொல்லட்டும் என்று விட்டேனா? இல்லை, செத்தார் என்றாவது அப்பா அந்த வீட்டுக்குப் போகட்டும் என்று எங்கோ ஒரு மூலையில் ஆசைப்பட்டேனா? ஒரு நாள் ஒன்று சரியாகப் படுகிறது, மறுநாள் இன்னொன்று. நான் பொய் சொன்னது மட்டும் நிச்சயம். உனக்கு அன்றைக்கே தெரியும். என்னை ஏன் காட்டிக் கொடுக்கவில்லை? எத்தனை யோசித்தும் இதுதான் எனக்கு விளங்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கேசட்டில் இருந்ததையும் போனில் போட்டுக் காதில் வைத்துக் கேட்க வைத்தேன். கத்துவார் என்று பயந்தேன். இரண்டாம் தடவை போடச் சொன்னார். பிறகு, "அப்போ, பய தாள்ல இருந்ததைத்தான் படிச்சானா?" என்றார். ஆமாம்ப்பா என்றேன். "அவனை அடிச்சேனேம்மா" என்றார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

கொஞ்ச நேரம் கழித்து, "வரச் சொல்லு. படுத்துக்கிட்டு அவன்கிட்ட மன்னிப்புக் கேக்க மாட்டேன், உக்காந்துதான் கேப்பேன்" என்றார். நர்ஸ் வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லியும் சனிக்கிழமை காலையிலிருந்து நாற்காலியில் உட்கார்ந்து பழகுகிறார். சட்டை காலர் பித்தான் வரை போடச் சொல்கிறார்.

இதைக் கூரியரில் அனுப்புகிறேன், மூன்று நாளில் வந்துவிடும் என்கிறார்கள். அண்ணா, நீ என்னோடு பேச வேண்டாம். விமான நிலையத்துக்கு என் வீட்டுக்காரரை அனுப்புகிறேன், என் முகத்தைப் பார்க்க வேண்டாம். என்னை மன்னிக்கவும் வேண்டாம். பிள்ளைகளோடு நீ நூறு வருஷம் நன்றாக இரு. இப்போது மட்டும் கிளம்பி வா. சனிக்கிழமை இருபது நிமிஷம் உட்கார்ந்தார். நேற்று பன்னிரண்டு. இன்று காலை ஏழு.

இப்படிக்கு,
உன் தங்கை
அட்ராக்டா