பானைக் கழுத்துக்கு வெட்டிய விண்ணப்பம்

அக்கா,

இன்று காலை தையல் கடையைத் திறந்து சாமி படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. உங்கள் ஸ்கூட்டருக்கு இன்சூரன்ஸ் முடியப்போகிறதாம். ‘அன்பான வாடிக்கையாளரே’ என்று ஆரம்பித்து, என் பெயரைப் போட்டு, உங்கள் வண்டியின் நம்பரைப் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு மிச்சப் பூவையும் வைத்தேன். பிறகு போய் அந்த வண்டியின் மேல் கிடந்த பழைய போர்வையை எடுத்து உதறி, மறுபடி அதையே போட்டு மூடினேன்.

நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது. துக்கம் வந்தால் நெஞ்சை அடைக்கும் என்பார்கள். எனக்கு ஒன்றும் அடைக்கவில்லை. பல் பிடுங்கப் போனால் ஊசி போட்டதும் கன்னம் மரத்துப்போகுமே, அப்படி இருக்கிறது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை. உங்களைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்கே உட்கார்ந்து பள்ளத்தூர்க் கல்யாண வீட்டு ஜாக்கெட்டுகளுக்கு ஹூக் வைத்தேன். ஒன்றுகூடக் கோணவில்லை. அதை நினைத்தால்தான் எனக்கே என்மேல் பயமாக இருக்கிறது.

வண்டி வாங்கப் போன நாள் ஞாபகம் இருக்கிறதா? அகதி முகாமிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் நின்றுகொண்டே வந்து அலுத்துப்போய், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தை ஒரு துணிப்பையில் கட்டி எடுத்து வந்திருந்தீர்கள். கடைக்காரர் முகவரிச் சான்று கேட்டார். நீங்கள் முகாம் அட்டையை நீட்டினீர்கள். அவர் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, “இத வச்சு எடுக்க முடியாதும்மா, வேற யாரு பேர்லயாச்சும் எடுங்க” என்றார். எனக்குக் கோபம் வந்தது. உங்களுக்குச் சிரிப்பு வந்தது. “அப்ப உம்மட பேரிலயே எழுதட்டும். ஓடுறது நான்தானே” என்றீர்கள். அன்று முதல் வண்டி என் பெயரில், சாவி உங்கள் இடுப்பில். ஓட்டிப் பழகிய முதல் வாரத்தில் கொப்புடையம்மன் கோயில் பக்கம் ஒரு இளநீர் வண்டிமேல் ஏற்றினீர்களே, அபராதம்கூட என் பெயரில்தான் வந்திருக்கும். நல்லவேளை, இளநீர்க்காரர் நல்ல மனுஷன்.

நீங்கள் முதன்முதலில் வேலை கேட்டு வந்தபோது கடையில் அம்மா உட்கார்ந்திருந்தார். அம்மாவுக்கு அப்போது கண் நன்றாகத் தெரியும், பொத்தான் துளைக்குக் காஜா எடுப்பார். “எந்த ஊரு ஆத்தா?” என்று கேட்டார். யாழ்ப்பாணம், மன்னார் வந்து படகேறி வந்தோம், இப்போது முகாமில் இருக்கிறோம் என்று சொன்னீர்கள். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. ரங்கூனில் அரிசி ஆலையில் வேலை பார்த்த என் அப்பாவோடு, உடுத்திய சேலையோடு சர்க்கார் கப்பலில் ஏறி வந்து இறங்கியவர் அவர். தன் கதையைக் கேட்க ஒரு ஆள் கிடைத்துவிட்டது.

“நாங்க கப்பல்ல வந்தோம், நீக படகுல வந்தீக. அம்புட்டுத்தான வித்தியாசம்” என்றார் அம்மா.

அம்புட்டுத்தான் வித்தியாசம் என்று நானும் நம்பினேன். அன்றைக்கே உங்களை வேலைக்குச் சேர்த்துக்கொண்டேன்.

அதன்பிறகு மத்தியானச் சாப்பாட்டு நேரமெல்லாம் ஒப்பிட்டுப் பார்ப்பதே நம் பொழுதுபோக்கு. அம்மா ஆரம்பிப்பார். கப்பல் இறங்கியதும் எங்களுக்குக் கொட்டகை கொடுத்தார்கள், உங்களுக்கும் கொட்டகை. எங்களுக்கு அரிசி, உங்களுக்கும் அரிசி. எங்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் ‘பர்மாக்காரி’ என்றார்கள், உங்களைப் பார்த்து ‘சிலோன்காரி’ என்கிறார்கள். எல்லாம் பொருந்திக்கொண்டே வரும். பிறகு அம்மா ஒரு படி மேலே போவார். எங்களுக்குக் காலனியில் மனை கொடுத்தார்கள், அப்பாவுக்கு டீக்கடை வைக்கக் கடன் கொடுத்தார்கள், ரேஷன் கார்டு வந்தது, ஓட்டு வந்தது. அந்த இடத்தில் நீங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பீர்கள்.

“உங்களுக்கும் வரும். பொறுத்திரு ஆத்தா” என்று அம்மா முடிப்பார். எங்கள் காலனியில் யாரிடம் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். பட்டு வந்தவர்கள் நாங்கள், எங்களுக்குத் தெரியாதா என்ற நினைப்பு.

மாதா மாதம் முகாமில் ஆள் கணக்கு எடுக்கும் நாள் வரும். எந்த வேலை கிடந்தாலும் அன்று நீங்கள் அங்கே நிற்க வேண்டும். ஒரு தீபாவளிக்கு முந்தின வாரம், வெட்டிப் போட்ட துணி மலைபோல் கிடக்கும்போது பையை எடுத்துத் தோளில் மாட்டினீர்கள். நான் சிடுசிடுத்தேன்.

“ஒரு நாளு போகாட்டி என்னக்கா குடிமுழுகிப் போகுது?”

“பேரை வெட்டிப்போடுவினம்” என்றீர்கள். “போயிட்டு வாறன்.”

உள்ளேயிருந்து அம்மா, “எங்களையும் ஆரம்பத்துல வரிசையில நிக்க வச்சாகல்ல” என்றார். அம்மா நின்றது சில மாதங்கள். நீங்கள் நின்றது முப்பத்தைந்து வருஷம். வந்தபோது இருபது வயதுப் பெண்; கடைசியாக நின்றபோது கைத்தாங்கலாகப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. இரண்டும் வரிசைதான் என்று எப்படிச் சொன்னோமோ தெரியவில்லை.

இப்போது அந்த விண்ணப்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன்.

யாழ்ப்பாணப் பக்கம் சண்டை ஓய்ந்து சில வருஷம் கழித்து உங்கள் அண்ணன் கூப்பிட்டார். பூர்வீகக் காணி இருக்கிறது, வீடு கட்டிக்கொள்ளலாம், வந்துவிடு என்றார். ஊர் திரும்ப விரும்புகிறவர்களை அனுப்பி வைக்கிறார்கள் என்று முகாமில் படிவமும் கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்காரர் இறந்து வெகுநாளாகியிருந்தது. உங்கள் மகள் தர்ஷினிக்கு அப்போது பத்து வயது. நீங்கள் படிவத்தை முத்து முத்தான எழுத்தில் நிரப்பி, கையெழுத்து மட்டும் போடாமல் எடுத்து வந்து வெட்டுமேஜையில் வைத்தீர்கள்.

“நீர் என்ன சொல்லுறீர்?” என்று கேட்டீர்கள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நான் சொல்கிறபடி செய்யத்தான் கேட்டீர்கள்.

“இம்புட்டு வருசம் இருந்துட்டீக. இன்னும் கொஞ்சம் பொறுங்கக்கா. எங்களுக்கு வந்த மாதிரி உங்களுக்கும் பேப்பர் வந்துரும். புள்ள இங்கனயே பொறந்தவ, அவளுக்கு இல்லாமயா போகும்?”

அதில் பாதி என் நம்பிக்கை. மீதிப் பாதி என் கடை. தை மாதம் பிறக்கப்போகிறது, முகூர்த்தங்கள் நெருங்குகின்றன, உங்களைப் போல் ஜாக்கெட் கழுத்து வெட்ட இந்தக் காரைக்குடியில் ஆள் கிடையாது. இதை உயிரோடு இருந்தபோது உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

நீங்கள் அந்தப் படிவத்தை நீளவாக்கில் இரண்டாக மடித்தீர்கள். கத்தரியை எடுத்துப் பானைக் கழுத்துக்கு அளவாக வெட்டிப் பிரித்து, “நல்ல மொத்தமான தாள், வீணாக்கக் கூடாது” என்று ஆணியில் மாட்டினீர்கள். அதன்பிறகு எத்தனையோ கல்யாணப் பெண்களின் ஜாக்கெட் முதுகில் அந்தக் கழுத்தைத்தான் சாக்பீஸால் வரைந்தோம்.

காலம் போயிற்று. அம்மாவும் போனார். எங்கள் காலனியில் மாடி ஏறாத வீடு இல்லை என்று ஆயிற்று. மனைப் பட்டாவை வைத்து பாங்கில் கடன் வாங்கிக் கடையைப் பெரிதாக்கினேன். என் மகன் பாஸ்போர்ட் எடுத்து சிங்கப்பூர் போனான். உங்கள் முகாமில் படித்த பையன்கள் பெயின்ட் அடிக்கப் போனார்கள். என்னைவிட நீங்கள் நன்றாகத் தைத்தீர்கள், அதிகாலையில் எழுந்தீர்கள், ஒரு டீக்குக்கூட யோசித்துத்தான் செலவழித்தீர்கள். சோம்பேறிதான் ஏழையாக இருப்பான் என்று யாராவது என் எதிரில் சொன்னால் எனக்கு இப்போதும் அடிக்கத் தோன்றும்.

தர்ஷினி பி.காம். முடித்தாள். அரசுத் தேர்வு எழுத விண்ணப்பம் போட உட்கார்ந்தவள் குடியுரிமை என்ற கட்டத்தில் நின்றுவிட்டாள். எனக்கு ரோஷம் வந்தது. பீரோவைக் குடைந்து அப்பாவின் பர்மாப் பேப்பரை எடுத்தேன். அதைக் காட்டினால் புரிந்துகொள்வார்கள் என்று நினைத்தேன், அக்கா. எங்கள் அப்பா வந்த கப்பலைக் காட்டி உங்கள் படகை உள்ளே இழுத்துவிடலாம் என்று. உங்களையும் அவளையும் கூட்டிக்கொண்டு சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த அம்மாள் மரியாதையாகத்தான் பேசினார். அப்பாவின் பேப்பரை முழுக்கப் படித்தார்.

“இவரு பர்மாவுல இருந்தாலும் இந்தியாக்காரர்னு எழுதி அனுப்பியிருக்காங்கம்மா. சொந்த நாட்டுக்குத் திரும்புனவரு. இவங்க தஞ்சம்னு வந்தவங்க. ரெண்டும் ஒண்ணு இல்லை. பொண்ணு இங்க பொறந்திருந்தாலும் அப்படித்தான்.”

“எப்ப இருந்து இப்படி?” என்று கேட்டேன்.

“ஆரம்பத்துல இருந்தே அப்படித்தாம்மா.”

ஆரம்பத்திலிருந்தே. அம்மா காஜா எடுத்துக்கொண்டே பேசிய அந்த முதல் நாளிலிருந்தே. நாம் ஒப்பிட்டுச் சிரித்த அத்தனை மத்தியானங்களிலும் அது அப்படியேதான் இருந்திருக்கிறது. அங்கே போய்க் கேட்க ஒரு நாள் போதும். நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தீர்கள். ஊர் நெருங்கும்போது, என் பக்கம் திரும்பாமலே, “முதலே ஒருக்காப் போய்க் கேட்டிருக்கலாம், என்ன?” என்றீர்கள். இத்தனை வருஷத்தில் என்னை நீங்கள் குறை சொன்னது அது ஒன்றுதான். அதையும் கடிந்து சொல்லவில்லை. கடைக்கு வந்ததும் மிஷினில் நூல் கோத்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

அடுத்த வருஷமே வியாதி வந்தது. உங்கள் முகாம் வீட்டை நான் முதலும் கடைசியுமாகப் பார்த்தது உங்களைக் கிடத்தியிருந்த அன்றுதான். கதவைத் தாண்டினால் எதிர்ச்சுவர். அந்த இடத்திலிருந்தா இஸ்திரி மடிப்புக் கலையாத சேலையோடு வந்தீர்கள் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். பதினாறாம் நாள் தர்ஷினி கடைக்கு வந்து, “அம்மா பேரை வெட்டிட்டாங்க சித்தி” என்றாள். பதிவேட்டைச் சொன்னாள். நான் தலையாட்டிவிட்டு மிஷினை மிதித்தேன்.

போன வாரம் அவள் மறுபடி வந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து மாமா கூப்பிடுகிறாராம். அவள் அந்த ஊரைப் பார்த்ததே இல்லை. இங்கே இருந்தாலும் ஏதோ மனு போடலாம் என்று சிலர் சொல்கிறார்களாம். நீங்கள் நின்ற அதே வெட்டுமேஜை முன்னால் நின்று, “போகவா, இருக்கவா? நீங்க என்ன சொல்றீங்க சித்தி?” என்றாள்.

‘எங்களுக்கு வந்த மாதிரி...’ என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அக்கா. உதட்டைக் கடித்துக்கொண்டேன். கன்னத்தில் மரப்பு விட்டு முதன்முதலாக எங்கோ சுரீரென்றது.

“எனக்குத் தெரியாது ஆத்தா” என்றேன். “இதெல்லாம் தெரிஞ்ச வக்கீலு ஒருத்தர் சிவகங்கையில இருக்காராம். ரெண்டு பேரும் போயிக் கேப்போம். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணு. போறேன்னாலும் சரி, நான் குறுக்க நிக்க மாட்டேன்.”

அவள் ஆணியில் தொங்கிய அந்தத் தாளைப் பார்த்து, “இது அம்மா எழுத்தாச்சே” என்றாள். கழுத்துக்குப் போக மிச்சமிருந்த தோள் பக்கத்தில் உங்கள் பெயரும் அவள் பெயரும் இருக்கின்றன. அது என்ன தாள் என்று கேட்டாள். சொன்னேன். நான் உங்களைப் பொறுக்கச் சொன்னதையும், எதற்காகச் சொன்னேன் என்பதையும் சேர்த்தே சொன்னேன். அவள் அழவில்லை, திட்டவுமில்லை. தாளைப் பழையபடி மாட்டிவிட்டு, “என்னைக்குப் போகலாம்?” என்று மட்டும் கேட்டாள்.

நாளைக்குப் போகிறோம். இன்றைக்கு இன்சூரன்ஸ் கட்டிவிட்டேன். வண்டியையும் துடைத்து வைத்தாயிற்று. தர்ஷினி ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். அப்பாவின் பேப்பரைப் பீரோவிலேயே வைத்துப் பூட்டிவிட்டேன். அந்த வக்கீல் எதைக் கேட்டாலும் அவள்தான் பேச வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது என்று காலையிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன், அக்கா.