அடுப்பை அணைச்சியா?

என் அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நானும் அப்பாவும் சுகம், நீயும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். சுகம் என்று எழுதிவிட்டேனே தவிர நேற்றிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. பயந்துவிடாதே, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் யோயோ என்று வாயைத் திறந்தாலே உனக்கு உடனே சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு அந்தச் சாக்குச் சொல்ல முடியாது, அதனால் முழுக்கப் படி, நடுவில் தாண்டாதே.

அப்பாவின் கண்ணாடிக் கடையில் வியாபாரம் சுமார்தான். ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டுக் கொடுக்கிற மனுஷர் தன் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடு முழுக்கத் தேடுகிறார், அதில் மாற்றம் எதுவும் இல்லை. நான் வேலை பார்க்கிற லாண்டரியில் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது, பழையதைவிட இரைச்சல் அதிகம், கவுண்டரில் நின்று கத்திக் கத்தி என் குரல் இன்னும் பெருத்துவிட்டது. இந்தக் குரல்தான் இப்போது விஷயமே. போன வாரம் நீ பேசும்போது, என் அலமாரியில் இருக்கிற யோயோ பெட்டியைக் குப்பையில போடும்மா, இல்ல யாருக்காவது குடுத்துடு, எனக்கு அது வேண்டவே வேண்டாம் என்று சொன்னாய் அல்லவா. அந்தப் போட்டியில் கயிறு சிக்கிக்கொண்டு நீ மேடையில் திணறியபோது எவனோ ஒருவன், கயித்தையே தப்பான விரல்ல மாட்டியிருக்கான், இவனெல்லாம் எதுக்கு மேடை ஏறுறான் என்று சிரித்தானாமே, அதற்குப் பிறகு நீ அந்தக் கயிற்றைத் தொடவேயில்லை என்பது எனக்குத் தெரியும். வேலைக்குப் போய் வந்து அந்த ஒற்றை அறையில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறாய் என்பதும் தெரியும், நீ சொல்லாவிட்டால் தெரியாதா. பெற்ற வயிறு.

குப்பையில் போட எனக்கு மனம் வரவில்லை. கண்ணாடியின் காதுக்கம்பி உடைந்து அப்பா கடைக்கு வந்த ஒரு ஆள், காத்திருந்த நேரத்தில் சும்மா இராமல் யோயோ சுற்றிக்கொண்டிருந்தாராம். அவரிடம் கேட்டதில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் கடிகாரக் கடை மாடியில் ஒரு கூடம் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் அங்கே கூடி ஆடுவோம் என்றாராம். சரி, அங்கே கொடுத்துவிட்டு வருவோம் என்று நேற்றுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். சின்னப் பிள்ளைகள் நாலு பேர் இருப்பார்கள் என்று நினைத்தேன். கதவைத் திறந்தால் கூடம் நிறைய வளர்ந்த ஆட்கள். நர்ஸ் உடுப்போடு ஒரு பெண், வழுக்கைத் தலையோடு அப்பா வயதில் ஒருத்தர், பஸ் கண்டக்டர் ஒருவர் பையைக்கூடக் கழற்றாமல். வண்டுக் கூட்டம் மாதிரி ஒரே ரீங்காரம். வழுக்கைத் தலைக்காரர் ஆடத் தொடங்குமுன் இடது பக்கம் திரும்பி ஒரு தடவை தலையை ஆட்டினார். அந்தப் பக்கம் யார் என்று நானும் பார்த்தேன், வெறும் சுவர். கொஞ்ச நேரத்தில் அந்த நர்ஸ் பெண்ணும் அதே சுவரைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு ஆரம்பித்தாள். அப்புறம் கண்டக்டர். இதென்னடா, சுவருக்கு வணக்கம் வைக்கிற கூட்டமாக இருக்கிறதே என்று எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கூடத்து மூலையில் பார்த்தேன், தேநீருக்கு வைத்த தண்ணீர் தளதளவென்று கொதித்து அடுப்பில் வழிகிறது, ஒருத்தரும் கவனிக்கவில்லை. எனக்குத்தான் கை சும்மா இருந்தாலும் வாய் சும்மா இருக்காதே. உன்னிடம் கத்தியே பழகின வாய், வந்த இடம் மறந்து, டேய், அடுப்பை அணைச்சியா என்று ஒரே கத்தாகக் கத்திவிட்டேன்.

மகனே, அந்த ரீங்காரம் அப்படியே நின்றது. பாதிப் பேர் கையிலிருந்த யோயோ தரையில் தொப்பென்று விழுந்தது. மீதிப் பேர், நம்பினால் நம்பு, சொல்லிவைத்த மாதிரி இடது பக்கம் திரும்பித் தலையை ஆட்டினார்கள். ஆட்டிவிட்டு என்னைப் பார்த்தார்கள் பார், பேயறைந்த மாதிரி. டேய் போட்டதற்கு அடிக்க வருகிறார்களோ என்று பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு வாசல் பக்கம் நகர்ந்தேன். வழுக்கைத் தலைக்காரர் ஓடிவந்து, அம்மா, நீங்க அந்த அம்மாவா, வீடியோல வர்ற குரல் நீங்கதானா என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. போனை எடுத்துக் காட்டினார். நம் வீடு! நம் ஃபிரிட்ஜ், அதன் மேலே அப்பா ஒட்டின காலண்டர். சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிமேல் போனைச் சாய்த்துவைத்து நீ படம் பிடிப்பாயே, அந்தப் படம். உன் கையும் தாடையும்தான் தெரிகிறது, முகம் இல்லை. கொல்லைப்புறத்திலிருந்து என் குரல் கேட்கிறது, டேய், அடுப்பை அணைச்சியா. உன் தாடை இடது பக்கம் திரும்பி ஒரு ஆட்டு ஆட்டுகிறது. அதற்குப் பிறகு நீ ஆடுகிறாய்.

நெட்டில் போட்ட அதையெல்லாம் நீ அழித்துவிட்டாயாமே. அழிப்பதற்குள் யாரோ எடுத்துவைத்து, கைக்குக் கை மாறி, இவர்கள் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார்களாம். பேர் தெரியாததால் உனக்கு இவர்களே வைத்த பேர் என்ன தெரியுமா, அடுப்பண்ணன். சிரிக்காதே, நான் சிரிக்கவில்லை. அந்தத் தலையாட்டலும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்து அதையும் பிசகாமல் பழகியிருக்கிறார்கள். தலையை இடப்பக்கம் திருப்பினா வலது தோள் இறங்கும்மா, அப்பதான் கயிறு நேரா விழும் என்று வழுக்கைத் தலைக்காரர் எனக்கே விளக்குகிறார். அந்தப் பக்கம் சமையலறைங்க, வேற ஒண்ணும் இல்ல என்றேன். மனுஷர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்துவிட்டார்.

இனிமேல்தான் முக்கியமானது. இவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுக்கிற பெண் ஒருத்தி, அக்கா என்றுதான் எல்லாரும் கூப்பிடுகிறார்கள், அச்சகத்தில் காகிதம் வெட்டுகிற மிஷினில் வேலை. அவள் என் கையைப் பிடித்தாள், பிடியில் ஏதோ குறைகிறதே என்று பார்த்தால் நடுவிரல் அடியோடு இல்லை. மிஷின் எடுத்துக்கொண்டுவிட்டது. கயிற்றை நடுவிரல்லதாம்மா மாட்டணும், எல்லாரும் அப்படித்தான், எனக்கு இந்த ஆட்டம் ரொம்பப் பிடிக்கும், விரல் போனதும் கையைப் பாக்கெட்டை விட்டு வெளியிலயே எடுக்கல, அப்ப இந்த வீடியோ வந்துச்சு, இவர் ஆள்காட்டி விரல்ல மாட்டியிருந்தார், நடுவிரல் கண்ணுலயே படல, இவருக்கும் நம்மள மாதிரிதான்னு நெனச்சேன், இவராலயே முடியுதுன்னா என்னால ஏன் முடியாதுன்னு எந்திரிச்சேன் என்றாள். சொல்லிவிட்டு மெதுவாக, அவருக்கு விரல் எப்படிம்மா போச்சு என்று கேட்டாள்.

என்ன சொல்வேன்? உன் விரல் எங்கே போயிற்று, பீரோ இழுப்பறையில் நசுங்கி நகம் பெயர்ந்து மாதக்கணக்கில் கட்டோடு திரிந்தாய், சும்மா இருக்கமாட்டாமல் பக்கத்து விரலில் மாட்டினாய், கட்டுப் பிரித்த பிறகும் அந்த விரலை மடக்கிக்கொண்டு ஆடுவதே பழகிவிட்டது. பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி நினைத்தேன், அவள் முகத்தைப் பார்த்ததும் வரவில்லை. உண்மையைச் சொல்லிவிட்டேன். அவள் என்னையே பார்த்தாள். திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரை சிரித்தாள். முழுசா இருக்கா விரல், இருக்கட்டும்மா, நல்லா இருக்கட்டும் அந்த மகராசன் என்று சொல்லி இரண்டு கையாலும் என் கையைப் பொத்திக்கொண்டாள். சுற்றி நின்றவர்களின் கையை அப்போதுதான் பார்த்தேன். எல்லார் கயிறும் ஆள்காட்டி விரலில். அவளிடம் கற்றவர்கள் அல்லவா, அவளுக்கு இல்லாத விரல் அவர்களுக்கும் வேண்டாமாம். உன்னைப் பார்த்துச் சிரித்தானே ஒருவன், அவனை அந்தக் கூடத்துக்கு ஒரு தடவை கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

இப்போது எப்படி இருக்கார், என்ன ஆடுறார் என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். விட்டுவிட்டான் என்று சொல்ல நாக்கு எழவில்லை. பெட்டியில என்னம்மா என்றாள் அக்கா. ஒண்ணுமில்ல, காத்தாட எடுத்துட்டு வந்தேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டியை எதற்குக் காற்றாடக் கொண்டுவர வேண்டும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை, நல்ல பிள்ளைகள். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் பெட்டியைத் திறந்து, ஓரம் தெறித்த அந்தச் சிவப்பு யோயோவை எடுத்து, லென்ஸ் துடைக்கிற துணியால் வெகு நேரம் துடைத்துக்கொண்டிருந்தார். அதைத்தான் இந்தக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறோம். உன்னை ஆடச் சொல்லவில்லை. தூக்கிப் போடுவதாக இருந்தால் நீயே போடு, அந்தக் கூடத்தைப் பார்த்த பிறகு என் கையால் முடியாது.

நேரத்துக்குச் சாப்பிடு, ஜன்னலைத் திறந்து வை, நாலு பேரோடு பேசு. நீ எடுத்த காரியமெல்லாம் கைகூடி நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் எப்போதும் உனக்கு உண்டு. ஒன்று மட்டும் அவர்களிடம் நான் சொல்லவில்லை. அன்றைக்கு நீ தலையை ஆட்டினாயே தவிர அடுப்பை அணைக்கவில்லை, பால் பொங்கித் தீய்ந்துபோன அந்தப் பாத்திரம் அடிக் கறுப்போடு இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதனால் அந்தச் சிவப்பைக் கையில் எடுக்குமுன் அடுப்பை அணைத்தாயா என்று பார். சும்மா தலையை ஆட்டாதே, எழுந்து போய்ப் பார்.

இப்படிக்கு,
உன் வருகைக்குக் காத்திருக்கும்
அம்மா